அப்பாவின் 35 நாட்கள்: தொண்டைப் புற்றுக்கு எந்தக் கதிர்வீச்சு?

வாசகர் கேள்வி:

ஐயா, என் அப்பாவுக்கு 61 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியர். அடிநாக்கில் புற்று என்று பயாப்ஸியில் வந்திருக்கிறது. கழுத்தில் வலப்பக்கம் இரண்டு நெறிக்கட்டிகள். ஆபரேஷன் வேண்டாம், 35 நாள் ரேடியேஷனும் வாரம் ஒரு கீமோவும் கொடுக்கலாம் என்கிறார்கள். நாங்கள் பார்க்கும் மருத்துவமனையில் ஐ.எம்.ஆர்.டி. இருக்கிறது, பத்து நாளில் தொடங்கலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் வி-மேட்தான் லேட்டஸ்ட் என்கிறார்கள். உறவினர் ஒருவர் புரோட்டானுக்குப் போகச் சொல்கிறார். அதற்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டுமாம். தப்பான முடிவு எடுத்துவிடுவேனோ என்று தூக்கமே வரவில்லை. அப்பாவுக்கு மூடிய அறை என்றாலே மூச்சு முட்டும். முகத்தில் மாஸ்க் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்களாமே? பிறகு சாப்பிடவே முடியாதா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, அப்பா தூக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து நாளில் தொடங்கலாம் என்று சொன்ன இடத்திலேயே தொடங்குங்கள். அதற்கு முன் அந்த மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய சில கேள்விகளைக் கீழே சொல்கிறேன். பதில்கள் திருப்தியாக இருந்தால் வேறெங்கும் அலைய வேண்டாம். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவில்லை என்றாலும், நீங்கள் எழுதிய விவரங்களை வைத்து இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஆறு வாரம் காத்திருப்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி. தலை, கழுத்துப் புற்று சும்மா இருக்கும் நோயல்ல. டென்மார்க்கில், முதல் ஸ்கேனுக்கும் சிகிச்சைத் திட்டத்துக்கான ஸ்கேனுக்கும் நடுவே ஏறத்தாழ நான்கு வாரம் கடந்த நோயாளிகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்குக் கட்டி அளந்து சொல்லும்படி வளர்ந்திருந்தது. சிலருக்குக் கழுத்தில் புதிய நெறிக்கட்டியே வந்திருந்தது. அப்பாவுக்கு இன்று இரண்டு நெறிக்கட்டிகள். அந்த எண்ணிக்கை கூடுவதற்கு நாம் அவகாசம் கொடுக்கக் கூடாது.

இனி ஐ.எம்.ஆர்.டி., வி-மேட், புரோட்டான் என்ற அந்தப் பெயர்கள். நீங்கள் நினைப்பதுபோல இவை மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சும் மூன்று மருந்துகள் அல்ல. வி-மேட் என்பதும் ஐ.எம்.ஆர்.டி.யின் ஒரு வகைதான்.

முன்பெல்லாம் கழுத்தின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நேருக்கு நேர் இரண்டு பெரிய கதிர்களைச் செலுத்துவோம். நடுவில் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதில் கருகிப்போகும். நோய் குணமான பிறகும் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்தபடியே வாழ்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரவில் நாலைந்து தடவை எழுந்து வாயை நனைத்துக்கொண்டு படுப்பார்கள். ஐ.எம்.ஆர்.டி. வந்தது இதை மாற்றத்தான். கருவியின் தலைப்பகுதியில், சீப்பின் பற்கள்போல, அரை செ.மீ., ஒரு செ.மீ. அகலத்தில் உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். ஏழு, ஒன்பது திசைகளிலிருந்து கதிர் வரும்போது இந்தத் தகடுகள் திறந்து மூடி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அளவைக் குழைத்துத் தருகின்றன. கட்டிக்கு 70 கிரே போகும். அதற்குச் சில செ.மீ. தள்ளியிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் சராசரி அளவை 26 கிரேக்குள் அடக்கப் பார்ப்போம். தண்டுவடத்தை 45 முதல் 50 கிரேயைத் தாண்டவிட மாட்டோம். கிரே என்பது திசு வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அளவு. ஒரு நாளைக்கு 2 வீதம் 35 நாளில் 70.

இதனால் கிடைக்கும் பயன் எவ்வளவு? பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓராண்டு கழித்துத் தொந்தரவு தரும் அளவுக்கு வாய் வறண்டிருந்தவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐ.எம்.ஆர்.டி.யில் 38. இரண்டாண்டு கழித்து அது 83க்கு 29 என்றானது. பழைய முறையில் போன எச்சில் போனதுதான். புதிய முறையில் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. அதனால் ஐ.எம்.ஆர்.டி.யாவது வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

வி-மேட்டில் கருவி நோயாளியைச் சுற்றிக்கொண்டே கதிரைச் செலுத்தும். இரண்டு மூன்று சுற்று, சில நிமிடங்களில் முடிந்துவிடும். நின்று நின்று கொடுக்கும் ஐ.எம்.ஆர்.டி.க்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும். குணப்படுத்தும் ஆற்றலில் இரண்டுக்கும் பேசும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் மூச்சு முட்டும் உங்கள் அப்பாவுக்கு மேசையில் படுத்திருக்கும் நேரம் குறைவது நல்லதுதான். ஐ.எம்.ஆர்.டி. செய்யும் பல கருவிகளில் வி-மேட்டும் செய்ய முடியும் என்பதால், உங்கள் மருத்துவமனையிலேயே அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

புரோட்டானைப் பற்றி உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஐ.எம்.ஆர்.டி., வி-மேட் இரண்டிலும் வரும் எக்ஸ்ரே கதிர் உடலுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பவை தப்பிக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதி, கண் நரம்பை ஒட்டிய மூக்கறைக் கட்டிகள், குழந்தைகள், ஏற்கெனவே ஒருமுறை கதிர்வீச்சு வாங்கிய இடத்தில் மறுபடி கொடுக்க வேண்டியவர்கள் என்றால் நானே புரோட்டானுக்கு அனுப்பிவைப்பேன். அப்பாவுக்கு வந்திருப்பது போன்ற வாய்த்தொண்டைப் புற்றிலும் அமெரிக்காவில் 440 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நோயைக் கட்டுப்படுத்துவதில் ஐ.எம்.ஆர்.டி.க்குப் புரோட்டான் குறைந்துபோகவில்லை. உணவு செலுத்தக் குழாய் தேவைப்பட்டவர்கள் புரோட்டானில் குறைவு. பக்கத்திலேயே இருந்து, பத்து நாளில் கிடைத்தால் யோசிக்கலாம். ஆறு வாரம் கொடுத்து வாங்கும் பொருள் அல்ல அது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இவ்வளவு நுட்பமான கருவிக்கும் எது கட்டி, எது சுரப்பி என்று தானாகத் தெரியாது. ஒரு மருத்துவர் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும். அப்பாவுக்குத் திட்டமிடும் ஸ்கேன் எடுத்ததும், 2, 3 மி.மீ. தடிமனுள்ள துண்டுகளாக நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் திரையில் வரும். ஒவ்வொரு படத்திலும் கட்டியைச் சிவப்பில், நெறிக்கட்டி இருக்கும் இடங்களை இன்னொரு நிறத்தில், சுரப்பி, தண்டுவடம், குரல்வளை, விழுங்கும் தசைகளை வேறு வேறு நிறங்களில் சுற்றிக் கோடு போடுவோம். அடிநாக்கில் கட்டி எங்கே முடிகிறது, நல்ல சதை எங்கே தொடங்குகிறது என்பது சி.டி. படத்தில் மங்கலாகத்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யையும், புற்று இருக்கும் இடம் ஒளிர்ந்து தெரியும் பெட் ஸ்கேனையும் அதன்மேல் பொருத்திப் பார்த்து, கேமரா விட்டுப் பார்த்த குறிப்பை எடுத்துப் படித்து, சில நேரம் நோயாளியை மறுபடி கூப்பிட்டு விரலால் தொட்டுப் பார்த்து முடிவெடுப்போம். எனக்கு ஒரு நோயாளிக்கு மூன்று மணி நேரமாவது பிடிக்கும். பழைய முறையில் கோடு கொஞ்சம் தவறினாலும் பெரிய கதிர் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. இப்போது கோட்டுக்கு வெளியே சில மி.மீ.க்குள் அளவு சரசரவென்று இறங்கிவிடுகிறது. கோட்டுக்கு வெளியே விடுபட்ட நோய் பிழைத்துக்கொள்ளும்.

2010இல் ஓர் ஆய்வு வெளியானது. பல நாடுகளில், 800க்கும் மேற்பட்ட தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதற்காக நடத்தியது. மருந்தால் பயன் தெரியவில்லை. ஆனால் எல்லாருடைய கதிர்வீச்சுத் திட்டங்களையும் பிறகு உட்கார்ந்து சரிபார்த்தபோதுதான் பெரிய செய்தி வெளியே வந்தது. திட்டத்தில் பெரிய குறை இருந்தவர்களில் இரண்டாண்டு உயிரோடிருந்தவர்கள் 50 சதவீதம். திட்டம் சரியாக இருந்தவர்களில் 70. அப்படிப்பட்ட குறைகள், இந்த நோயாளிகளைக் குறைவாகப் பார்த்த மையங்களில்தான் அதிகம். எந்தப் புது மருந்தும் இந்த நோயில் 20 சதவீத வித்தியாசத்தைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. இதைப் படித்த பிறகு, நான் வரைந்த எதையும் இன்னொரு மருத்துவர் பார்க்காமல் கருவிக்கு அனுப்புவதில்லை.

ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது கருவி எந்த ஆண்டு வாங்கியது என்று கேட்க வேண்டாம். தலை, கழுத்துப் புற்று நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறீர்களா, நீங்கள் வரைந்ததை இன்னொருவர் சரிபார்ப்பாரா, கதிர்வீச்சு அளவைக் கணக்கிடும் ஃபிசிசிஸ்ட் முதல் நாளுக்கு முன் திட்டத்தைக் கருவியில் ஓட்டிச் சோதிப்பாரா, அப்பாவைப் படுக்கவைத்த பிறகு தினமும் கருவியிலேயே ஸ்கேன் எடுத்து இடத்தைச் சரிபார்ப்பீர்களா, எடை குறைந்தால் திட்டத்தை மாற்றிப் போடுவீர்களா என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்தக் கேள்விகளை நீங்கள் கேட்டால், நல்ல மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் சொல்வார்.

கடைசியாகச் சொன்ன எடை விஷயம் சின்னதல்ல. மூன்றாவது, நான்காவது வாரத்தில் கட்டி சுருங்கும், கன்னம் ஒட்டும், உமிழ்நீர்ச் சுரப்பி உள்பக்கமாக, அதாவது அதிக அளவு விழும் இடத்தை நோக்கி நகரும். முதல் நாள் போட்ட திட்டம் இப்போது வேறோர் உடம்புக்குப் போகிறது. தாடையோரம் மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைந்தால் டெக்னீஷியன் எங்களுக்குச் சொல்லிவிடுவார். உடனே புது மாஸ்க், புது ஸ்கேன், புதுக் கோடுகள். உங்கள் அப்பாவே ‘மாஸ்க் லூசா இருக்கு’ என்று உணர்ந்தால், அதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அந்த மாஸ்க்கைப் பற்றி. அது மூடிய முகமூடி அல்ல. வலைபோல முழுக்க ஓட்டைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. சூடான தண்ணீரில் போட்டால் துணிபோலத் தொய்ந்துவிடும். எடுத்து, ஒற்றி, வெதுவெதுப்பாக முகத்தின் மேல் விரித்து மெல்ல இழுப்பார்கள். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படியே பதிந்து சில நிமிடத்தில் இறுகும். வெந்நீரில் நனைத்த துண்டை முகத்தில் போட்டதுபோல இருந்தது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூச்சு தாராளமாக வரும். தினமும் அதே மாஸ்க். ஓரங்களில் கிளிப் மாட்டுவார்கள், ஒரு நொடியில் கழற்றலாம். அறையில் கேமரா, மைக் உண்டு. கையைத் தூக்கினால் கருவியை நிறுத்தி உள்ளே ஓடி வருவார்கள். மூடிய இடம் பயம் என்பதை மாஸ்க் செய்யும் அன்றே சொல்லிவிடுங்கள். கண் பகுதியை வெட்டித் திறந்துவிடலாம், முகம் திறந்திருக்கும் வகைகளும் இருக்கின்றன, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்க மாத்திரை தரலாம். ஒரு நோயாளிக்கு மாஸ்க்கை ஒரு வாரம் முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். டி.வி. பார்க்கும்போது முகத்தில் பிடித்துக்கொண்டு பழகினார். 35 நாளும் முடித்தார். ‘கரண்ட் வைப்பது’ என்று பேச்சில் சொல்வதால் ஷாக் அடிக்குமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. அப்பாவும் அப்படி நினைத்தால் சொல்லுங்கள்: எக்ஸ்ரே எடுக்கும்போது எப்படி ஒன்றும் தெரியாதோ அப்படித்தான்.

வலி வருவது அங்கே அல்ல, வீட்டில். இரண்டாவது வாரக் கடைசியில் வாய் எரியத் தொடங்கும், ருசி போகும். நான்காவது வாரத்தில் தொண்டை ரணமாகும், கழுத்துத் தோல் கறுக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இது கூடிவிட்டுத்தான் இறங்கும். முடிந்ததும் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பவர்கள் அப்போது உடைந்துபோகிறார்கள், அதனால் முன்பே சொல்கிறேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, முதல் நாளிலிருந்தே சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளிக்கட்டும். வலி மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பதறாதீர்கள். அது விழுங்க வைப்பதற்கான மருந்து. கீமோவில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைக் கொடுப்பார்களானால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகத்துக்காக. காதில் இரைச்சல் கேட்டால் அன்றே சொல்ல வேண்டும். புகைப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். சிகிச்சையின்போது புகைப்பவர்களுக்குக் கதிர்வீச்சு சரியாக வேலை செய்வதில்லை.

எவ்வளவு ரணமானாலும் நாள் விடக் கூடாது. சில வருடங்களுக்கு முன் என் நோயாளி ஒருவர் 22 நாள் முடித்துவிட்டு, வாய்ப்புண் ஆறட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பன்னிரண்டு நாள் வராமல் இருந்துவிட்டார். புண் ஆறியது. கூடவே, பிழைத்திருந்த புற்றுச் செல்களும் வேகமெடுத்துப் பெருகின. நான்காவது வாரத்துக்குப் பிறகு அவை அப்படித்தான் பெருகும். சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் கரைகிறது. டென்மார்க்கில் இதையே மறுபக்கமாகச் செய்து பார்த்தார்கள். அதே மொத்த அளவை வாரம் ஐந்து நாளுக்குப் பதில் ஆறு நாள் கொடுத்து ஒரு வாரம் முன்பே முடித்தார்கள். ஐந்தாண்டு கழித்தும் நோய் கட்டுக்குள் இருந்தவர்களின் எண்ணிக்கை 60 சதவீதத்திலிருந்து 70 ஆனது. கருவி மாறவில்லை, அளவு மாறவில்லை. காலம் மட்டும் சுருங்கியது. கருவி பழுதானாலோ விடுமுறை வந்தாலோ விட்ட நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்; சனிக்கிழமையோ, ஆறு மணி நேர இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு தடவையோ கொடுப்பார்கள்.

சாப்பாடு. சிலருக்குச் சில வாரங்கள் மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் தேவைப்படும். பெரும்பாலும் தற்காலிகம்தான். அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். எடை குறையாமல், நாள் விடாமல் முடிக்க அது உதவும். ஆனால் குழாய் இருந்தாலும் தினமும் கொஞ்சமாவது வாய் வழியாக விழுங்கியே ஆக வேண்டும், வெறும் தண்ணீராக இருந்தாலும். விழுங்கும் தசை சில வாரம் சும்மா இருந்தாலே இறுகிவிடும். விழுங்கும் பயிற்சி சொல்லித் தரும் நிபுணரைச் சிகிச்சை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நாக்கின் நுனியைப் பற்களுக்கு நடுவே மெல்லப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது ஒரு பயிற்சி; நீங்களே செய்து பாருங்கள், அடிநாக்கும் தொண்டையும் எவ்வளவு உழைக்கின்றன என்று தெரியும். வாயை அகலத் திறக்கும் பயிற்சியும் வேண்டும். மூன்று விரலை நெட்டுக்குத்தாக வைத்தால் நுழைய வேண்டும். நுழையாத நாளில் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த விழுங்கும் தசைகளுக்குப் போகும் அளவைத் திட்டத்திலேயே குறைக்க முடியும் என்றும், அப்படிச் செய்தவர்கள் ஓராண்டு கழித்து நன்றாக விழுங்கினார்கள் என்றும் 2023இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. கட்டி அனுமதிக்கும் அளவுக்கு அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

குழந்தையை அப்பா தாராளமாகத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். கருவியை நிறுத்தியதும் கதிர்வீச்சு நின்றுவிடும். உடம்பில் எதுவும் தங்குவதில்லை. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களில் மட்டும், கீமோவால் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கும் அப்பாவின் நலனுக்காகக் கொஞ்சம் விலகி இருக்கட்டும்.

சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துப் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அதற்கு முன் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஆறிக்கொண்டிருக்கும் ரணமும் படத்தில் ஒளிரும், வீண் கலக்கம் வரும். அப்போது கழுத்தில் தடிப்பு மிச்சமிருந்தாலும் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் கழுத்து ஆபரேஷன் இல்லாமலே கண்காணிக்கலாம் என்று 564 பேரிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வு நிறுவியிருக்கிறது. பிறகு ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்குத் தைராய்டு மெல்லச் சோர்ந்துபோகும்; எப்போதும் அசதியாக இருக்கிறது என்று அப்பா சொன்னால் வயசு என்று விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று, பல். கதிர்வீச்சு வாங்கிய தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிற்பாடு பல் பிடுங்கினால் அந்தக் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகக் கூடும். வருடங்கள் கழித்தும் அந்த ஆபத்து போவதில்லை. ஆகவே சொத்தைப் பல், ஆடும் பல் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்த இடம் ஆற ஏறத்தாழ இரண்டு வாரம் தேவை. உங்களுக்கு இருப்பதோ பத்து நாள். மாஸ்க், ஸ்கேன், கோடு வரைவது எல்லாம் நடக்கும் அதே நாட்களில் புண்ணும் ஆறிக்கொண்டிருக்கட்டும். ஓரிரு நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. இன்று மாலைக்குள் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். போகும்போது, கழுத்துக்கு ரேடியேஷன் தொடங்கப் போகிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.